தனியா நடக்கப் போயிட்டாருங்க

சன்னலைச் சித்த சாத்திக்கட்டுங்களா கண்ணு? முன்னால போற லாரி கக்கறதைப் பாருங்க, கரிகரியா. எனக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. எங்கூட்டுக்காரருக்குத்தான் ஆகாது. அவரு வரலைங்க, வூட்லதான் இருக்கறாரு. வூட்லயும் இருக்க மாட்டாரு, இந்நேரம் எந்த முக்குல நின்னுட்டு எவருகூட நாயம் பேசிட்டு இருக்கறாரோ. இருந்தாலும் புகையைக் கண்டா என்ற கை தானா சன்னலுக்குப் போயிருது. பழகிப்போச்சு.

நீங்க கோயமுத்தூருங்களா? நான் சுந்தராபுரத்துல எறங்கிக்குவேன். ஆஸ்பத்திரிக்குப் போறேன். மேலுக்கு முடியாம இல்லைங்க, எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. என்னை வரச்சொல்லிக் கூப்புட்டிருக்கறாங்க. கூப்புட்டது ஆருன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. நல்லா இருந்த குடும்பத்துல வந்து புகுந்து, எங்கூட்டுக்காரரை எங்கிட்ட இருந்து பிரிச்சு உட்டவ. அவளேதான். நீங்க நெனைக்கற மாதிரி இல்லைங்க, அவளுக்கு எம்பொண்ணு வயசுகூட இருக்காது. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

எங்கூட்டுக்காரரு மில்லுல இருந்தாருங்க. பஞ்சை உடைக்கற எடத்துல வேலை. வேலை முடிஞ்சு வந்தாருன்னா புருவம், மீசை, காதுமடலு எல்லாம் வெள்ளையா இருக்கும். கண்ணாலம் ஆன புதுசுல எங்க மாமனாருதான் வர்றாருன்னு நெனைச்சு முந்தானையை இழுத்துப் போத்திட்டு எந்திரிச்சு நின்னிருக்கறேன். உள்ளுக்க இருந்தா பஞ்சுத் தூசி, வெளிய வந்தா பீடி. நெஞ்சுக்கு எப்பத்தான் ஓய்வு கெடைச்சிருக்கும், சொல்லுங்க.

வேலையை உட்டு வந்தப்பறம் இருமல் புடிச்சுது. காலைல எந்திரிச்சு அந்தச் சளியைக் காறித் துப்பி முடிக்கறதுக்குள்ள வெச்ச காப்பி ஆறிப்போயிரும். அப்பறம் மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குச்சு. அப்பறம் செருப்பு மாட்டக் குனிஞ்சா மூச்சு வாங்குச்சு. டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். ஒரு மிசினுல வாயை வெச்சு ஊதச் சொன்னாங்க. பொறந்தநாளு மெழுகுவத்தியைக்கூட அணைக்க மாட்டாரு போலிருந்துச்சு அவரு ஊதுனது.

டாக்டரு நல்ல மனுசன், பொறுமையாத்தான் சொன்னாரு. ஆஸ்துமான்னா மூச்சுக்குழாய் சுருங்கும், மருந்து போட்டா பழையபடி விரிஞ்சுக்கும், சின்னப் புள்ளைங்களுக்குக்கூட வரும். இவருக்கு வந்திருக்கறது அதும் பங்காளி. பல வருசத்துப் புகையும் தூசியும் சேந்து குழாயைச் சுருக்கிருச்சு, நுரையீரலும் தொளதொளன்னு ஆயிருச்சு. மருந்து போட்டாக் கொஞ்சம் விரியும், முழுசா விரியாது. போனது போனதுதான்னு சொன்னாரு. அதுக்கு மேல, பீடியை அடியோட உடோணும், இருக்கறதை வெச்சு நல்லாவே காலம் தள்ளலாம், அப்படி இப்படின்னு என்னென்னவோ சொன்னாரு. எனக்கு எங்க காதுல ஏறுச்சு? போனது போனதுதான்னு டாக்டரே சொல்லிட்டாருன்னா மிச்சம் கேக்கறதுக்கு என்ன இருக்குது?

அன்னைக்கு வூட்டுக்கு வந்து நான் ஒரு முடிவு பண்ணுனேனுங்க. இந்த மனுசனை இனிமேல் ஒரு துரும்பு எடுத்துப்போட உடறதில்லை.

சொன்ன மாதிரியே வெச்சிருந்தேன் கண்ணு. பீடியை நிறுத்துனது நான். அவரு தானா நிறுத்துனதா ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரியறாரு, அது வேற. கட்டலைக் கொண்டாந்து வூட்டு முன்கட்டுல, ஆசாரத்துல போட்டேன். டிவி அவருக்கு எதுக்கால. தண்ணி வாத்து உடறது நானு. தலை தொவட்டறது நானு. வேட்டி கட்டி உடறது நானு. சோத்தைப் பெசஞ்சு வட்டல்ல போட்டு ஸ்பூனும் வெச்சுக் கையில குடுத்துருவேன். கக்கூசுக்குப் போனாலும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி வாசல்ல நின்னுக்குவேன். அவரு எந்திரிக்கலாம்னு கையை ஊனுனாப் போதும், என்ன வேணும், எதுக்கு எந்திரிக்கறீங்க, நான் எடுத்துத் தாரேன்னு போயி நின்னுருவேன். ஒறம்பரை, சொந்தபந்தம்னு ஆராச்சும் வந்தாங்கன்னா நெம்ப நேரம் பேச உட மாட்டேன், பேசுனா மூச்சு வாங்குமில்லைங்களா? அவருக்குப் பதிலா நானே பேசி அனுப்பிருவேன்.

எங்க வீதில எனக்கு அப்படி ஒரு பேரு. துளசிமணி மாதிரி ஒரு பொண்டாட்டி கெடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்னு சொல்லுவாங்க. அவருகிட்டயே சொல்லுவாங்க. அவரு கம்முனு டிவியைப் பாத்துட்டு இருப்பாரு. அவ்வளவு பதவிசா இருந்தாருங்க அப்ப. காலு ரெண்டும் மொளகாய்ச் செடிக் குச்சியாட்டம் ஆயிருச்சு, நோவுன்னா அப்படித்தானே ஆகும்.

இந்த இழுக்கற மருந்து இருக்குது பாருங்க, டாக்டரு ரெண்டு குடுத்திருந்தாரு. ஒண்ணு காலைலயும் பொழுதோடயும் தெனமும் இழுக்கறது. ஒண்ணு நீலக்கலரு, நெஞ்சு அடைக்கறப்ப இழுக்கறது. எனக்கு அதுல ஒரு ரோசனை. பக்கத்து வூட்டுச் சரசாளும் சொன்னா, அதைத் தெனமும் இழுத்தா ஒடம்பு பழகிரும், அப்பறம் அது இல்லாம மூச்சே உட முடியாதுன்னு. அவளுக்கு ஆஸ்துமா, அனுபவஸ்தி. சரின்னு ரெண்டையும் பீரோவுல வெச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிட்டேன். ரொம்ப முடியலைன்னு எனக்குத் தோணுனா எடுத்துக் குடுப்பேன். மத்தபடி பொழுது சாயறப்ப நல்லாச் சாம்பிராணி போட்டு உடுவேன், நெஞ்சுச் சளி கரையட்டும்னு. கொசுவத்திச் சுருளு அவரு கட்டலுக்கு அடியிலயே இருக்கும். ஒரு கொசு கடிக்க உட்டதில்லை அவரை.

அப்படிப் பொத்திப்பொத்தி வெச்சிருந்தும் பாருங்க, ஆடி மாசத்துக் காத்து அவரைக் கொண்டுபோய்ச் சாச்சுருச்சு. நம்ம பக்கம் ஆடிக்காத்து எப்படின்னு உங்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாயில இருந்து நேரா நம்ம வூட்டுக்குள்ளதான் வரும். ஒரு நாளு மத்தியானம் ஒதடெல்லாம் நீலம் பாஞ்சு போச்சு. ஒரு வார்த்தை முழுசாப் பேச முடியலை. ஆம்புலன்சுல போட்டுத் தூக்கிட்டுப் போனோம். எல்லாம் அந்தக் காத்து பண்ணுன வேலை.

ஆஸ்பத்திரில போட்டு ஆக்சிசன் வெச்சுக் கொஞ்சம் தெளிஞ்சு வந்தப்பறம்தான் அவ வந்தா. ஜெபசீலின்னு பேரு. நாகர்கோயிலுப் பக்கமாமா. ஊசி போடற நர்சு இல்லை, டாக்டரும் இல்லை. மூச்சு உடறதுக்கும் நடக்கறதுக்கும் சொல்லிக் குடுக்கறவளாமா. எங்களுக்கெல்லாம் பொறந்ததுல இருந்து மூச்சு உடத் தெரியாத மாதிரி. வந்தவ என்னைப் பாக்கலை. அவரைப் பாத்து, "கிட்டுச்சாமி ஐயா, எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா. பேரைச் சொல்லிக் கூப்புட்டா கண்ணு. நான் இத்தனை வருசத்துல ஒரு தரம் சொன்னதில்லை அந்தப் பேரை. அவரு நல்லா இருக்கறாருன்னு நான்தான் பதில் சொன்னேன்.

அந்த மருந்தை எப்படி இழுக்கறீங்கன்னு காமிக்கச் சொன்னா. நான் வாங்கி, அவரை வாயைத் தொறக்கச் சொல்லி, கொசு மருந்து அடிக்கற மாதிரி பிஸ்ஸுன்னு ஒரு அழுத்து அழுத்திக் காமிச்சேன். அவ சிரிக்கலை. அதுக்கு மட்டும் அவளை மெச்சிக்கறேன். மருந்தெல்லாம் நாக்குலயும் தொண்டையிலயும் நின்னுருது அம்மா, நெஞ்சுக்குப் போகவே இல்லைன்னா. ஒரு பெரிய பிளாஸ்டிக் குழாயைக் கொண்டாந்தா. மருந்தை அதும் பின்னால சொருகோணும், முன்னால அவரு வாயை வெச்சுக்கோணும். மொதல்ல உள்ள இருக்கற காத்தை எல்லாம் மெதுவா உட்டுரோணும். அப்பறம் அழுத்திட்டு, அவசரமே இல்லாம இழுத்து, சித்த நேரம் புடிச்சு வெச்சு உடோணும். தெனமும் போடறதைப் போட்ட பொறகு வாய் கொப்புளிக்கோணும். பழக்கமாயிரும்ங்கறதெல்லாம் சும்மா, அது சுருங்கின எடத்துல போடற மருந்து, நல்லா இருக்கற நாளுலயும் போட்டாத்தான் நல்லா இருக்கும்னா. அவரையே செய்யச் சொன்னா. நான் புடிச்சுக்கறேன்னு போனேன். என்ற கையை மெதுவா எடுத்து உட்டா. அவரே பண்ணுனாரு.

அப்பறம் ஒண்ணு கேட்டா. அதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

"ஐயா, மூச்சு கொஞ்சம் கட்டுக்குள்ள வந்தா என்ன பண்ணணும்னு உங்களுக்கு ஆசை?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள கையைக் காமிச்சு நிறுத்திட்டா. அவரு மோட்டு வளையைப் பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் சொன்னாரு.

"டீக்கடைல நின்னு ஒரு டீ குடிக்கோணும்."

எனக்குப் பொக்குனு போச்சு கண்ணு. நான் போடற டீக்கு என்ன கொறைச்சல்? இஞ்சி தட்டிப் போட்டு, சக்கரை அளவாப் போட்டு, ஆத்தி, வாய்க்கிட்டக் கொண்டுபோய்க் குடுத்தேனே. டீக்கடைல நிக்கோணுமாமா. நின்னு. அந்த 'நின்னு'ங்கறதை அவரு சொன்ன விதம் இருக்குதே, அது எனக்கு இன்னும் காதுல கேக்குது.

ஆஸ்பத்திரில இருந்து வூட்டுக்கு அனுப்பறப்ப, வாராவாரம் வகுப்புக்கு வரோணும்னு சொல்லிட்டா. நோவாளிக்கு வகுப்பு. போனா, அங்க இவராட்டம் ஒரு கூட்டமே இருக்குது. அவங்களை எல்லாம் நடக்க உடறா. தண்ணிப் பாட்டலைக் கையில குடுத்துத் தூக்கி எறக்கச் சொல்றா. நாற்காலில உக்காந்து உக்காந்து எந்திரிக்கச் சொல்றா. மூச்சு வாங்குனா நிறுத்திக்கங்க, வாங்கறது தப்பில்லை, வாங்குனாப் பயந்துக்காதீங்கங்கறா. மூக்குல இழுத்து, ஒதட்டைக் குவிச்சு, சூடான பாலை ஊதி ஆத்தற மாதிரி மெதுவா உடச் சொல்லிக் குடுத்தா. உள்ள இழுக்கறதைக் காட்டிலும் வெளிய உடறதுதான் முக்கியமாமா. உள்ள பழைய காத்து தேங்கி நிக்கறதாலதான் புதுக் காத்துக்கு எடமில்லாமப் போகுதாமா. கேக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா என்ற வூட்டுக்காரரு அங்க நடக்கறதைப் பாத்தேன் பாருங்க, வேர்த்து ஊத்தி, தோளு ரெண்டும் தூக்கித்தூக்கிப் போட்டு. அந்தப் புள்ளைக்கு நெஞ்சுல ஈரமே இல்லை.

நான் சும்மா இருப்பனுங்களா? போதும் உக்காருங்கன்னு போயிக் கையைப் புடிச்சேன். அவ வந்து என்னை வெளிய கூட்டிட்டுப் போயி பெஞ்சுல உக்கார வெச்சா. கதவுல ஒரு கண்ணாடி இருந்துச்சு, அது வழியா எட்டி எட்டிப் பாத்தேன். அடுத்த வாரம் போனா அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கமாத் துணி கட்டியிருக்குது. எதுக்கு இப்படின்னு சண்டைக்கே போயிட்டேன்.

அவ கோவமே படலை. "நீங்க நிக்கறதைப் பாத்தா ஐயா நடக்கறதை நிறுத்திடறாரு அம்மா"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. பாசத்தைக் கண்டா மனுசன் நிக்கத்தானே செய்வான்? இதுக்குப் போயித் துணி கட்டுவாங்களா?

அதுக்கப்பறம் அந்தப் பெஞ்சுதான் எனக்கு. உள்ள இருமுற சத்தம் வந்தா அது அவரா, வேற ஆராச்சுமான்னு எனக்குத் தெரியும். அவரு இருமல் எனக்குத் தெரியாதுங்களா? எந்திரிப்பேன். அப்பறம் உக்காருவேன்.

வூட்டுக்கு வந்தும் உடலைங்க அந்த மனுசன். மொதல்ல வாசல்ல நடந்தாரு. அப்பறம் வீதில எறங்கிட்டாரு. எனக்கு உசுரு கையில இல்லை. வழியில மூச்சு வாங்குனா எங்க உக்காருவாரு? அதனால வூட்ல இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிட்டு நான் பொறகாலயே போனேன். அவரு நின்னா ஸ்டூலைப் போட்டுருவேன். அவரு நடந்தா எடுத்துக்குவேன். வீதியே கதவைத் தொறந்து பாத்துச்சு. அவரு திரும்பி என்னைப் பாத்து, வூட்டுக்குப் போ துளசின்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. ஆனா கண்ணாலம் பண்ணுனதுல இருந்து என்னை வூட்டுக்குப் போன்னு அவரு சொன்னதில்லை. ஸ்டூலை எடுத்துட்டு வந்துட்டேன். வந்து அதும் மேலயே உக்காந்துட்டேன்.

அப்பறம் ஒண்ணொண்ணாப் போச்சு. ஒரு நாளு டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்து, குடிச்சேன்னு சொன்னாரு. நின்னுக்கிட்டுத்தான் குடிச்சேன்னாரு. நல்லா இருந்துச்சான்னு கேட்டேன். தண்ணியா இருந்துச்சாமா. தண்ணியா இருந்த டீயை அடுத்த நாளும் போயிக் குடிச்சாரு.

தானாத் தண்ணி வாத்துக்க ஆரம்பிச்சாரு. குளிக்கறதுக்கு உள்ள ஒரு நாற்காலி போட்டுக்கிட்டு, சோப்புப் போட்டுட்டு ஒரு ஓய்வு, தண்ணி ஊத்திட்டு ஒரு ஓய்வு, நிதானமாப் பண்ணோணும்னு அந்தப் புள்ளை சொல்லிக் குடுத்திருக்கறா. கதவைச் சாத்திக்கறாரு கண்ணு. எங்கிட்ட என்ன வெக்கம்? நான் வெளிய நிப்பேன். உள்ள தண்ணி ஊத்தற சத்தம் நின்னுச்சுன்னா எனக்கு இங்க நெஞ்சு நின்னுரும். ஏனுங்க, இருக்கறீங்களான்னு கேப்பேன். ஒண்ணும் பதிலு வராது. சித்த நேரங்கழிச்சு, இருக்கறேன்னு ஒரு சத்தம் வரும். வேணும்னே பண்ணுவாரு.

சாம்பிராணி போடக்கூடாதுன்னுட்டாரு. கொசுவத்தியைத் தூக்கி எறிஞ்சுட்டு வலை வாங்கிக் கட்டிட்டாரு. அந்தப் புகையும் புகைதானாமா, பீடிக்கு அண்ணன் தம்பியாமா. பீரோச் சாவியை வாங்கிக்கிட்டாரு. மருந்தைப் பல்லுத் தேய்க்கற எடத்துல வெச்சுட்டாரு, மறக்காம இருக்க. ஒரு நாளு தானாவே ஆஸ்பத்திரிக்குப் போயி, சளிக் காய்ச்சல் வராம இருக்க ஊசி போட்டுட்டு வந்து நிக்கறாரு, வருசா வருசம் போடோணுமாமா. பக்கத்து வூட்டுச் சரசாளுக்கு எப்படி மருந்து இழுக்கறதுன்னு பாடம் எடுக்கறாரு. அவ இத்தனை வருசமாத் தப்பாத்தான் இழுத்துட்டு இருந்திருக்கறா. இப்ப அவ வந்து, அண்ணா ஒரு தெய்வம்ங்கறா. எனக்கு இருந்த பேரெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை.

பேசறாருங்க இப்பெல்லாம். அதுதான் தாங்க முடியலை. ஒறம்பரைங்க வந்தா அவரே பேசறாரு.

அவரு தேறத் தேற எனக்குத்தான் மேலுக்குச் சொகமில்லாமப் போச்சு. முட்டி வலி, தோளு வலி. மத்தியானம் படுத்தாத் தூக்கம் வராது. வூட்ல வேலையே இல்லை, இருந்தும் அலுப்பா இருக்கும். டாக்டருகிட்டப் போனேன். எல்லாச் சோதனையும் பண்ணிட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாரு. ஒண்ணுமில்லைன்னா எதுக்குங்க வலிக்குது? டாக்டருங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுருமா?

இதெல்லாங்கூடப் போகட்டும். போன மாசம் நடந்ததைக் கேளுங்க.

எங்க வூட்டுக்கு அந்தாண்டை ஒரு காலி எடம். எவனோ குப்பையைக் கூட்டி, பிளாஸ்டிக்கும் டயரும் சேத்துத் தீ வெச்சுட்டுப் போயிட்டான். இவரு டீக்கடைல இருந்து வர்றாரு, காத்து இந்தப் பக்கமாத் திரும்பிருச்சு. வாசலுக்கு வர்றப்பவே தெரிஞ்சுது எனக்கு. நெஞ்சுல விசிலு அடிக்கற சத்தம். நாற்காலில உக்காந்துட்டாரு. முன்னால சாஞ்சு, முழங்கையை முட்டி மேல ஊனிக்கிட்டாரு.

எனக்கு அந்த ஆடி மாசம் அப்படியே கண்ணு முன்னால வந்துருச்சு. வெந்தண்ணி எடுக்க ஓடுனேன். பாதில விசிறி எடுக்கத் திரும்புனேன். போனை எடுத்தேன், நம்பரு அமுக்க வெரலு வரலை. அவரு தோள்ல தொங்கற துணிப்பையில அந்தக் குழாயும் நீல மருந்தும் எப்பவும் வெச்சிருப்பாரு. எடுத்தாரு. பதறாம ஆட்டிச் சொருகி, இழுத்தாரு. நிறுத்துனாரு. மறுபடி இழுத்தாரு. ஒதட்டைக் குவிச்சு ஊதி ஊதி உட்டாரு. நான் எதுக்கால நின்னுட்டு, ஏனுங்க ஏனுங்கன்னு அதையே சொல்லிட்டு இருந்திருக்கறேன். எனக்கு மூச்சே உள்ள போகலை கண்ணு. கையெல்லாம் விறுவிறுன்னு, கண்ணு இருட்டிக்கிட்டு வருது.

அவரு நிமிந்து என்னைப் பாத்தாரு. என்ற கையைப் புடிச்சு இழுத்துப் பக்கத்துல உக்கார வெச்சாரு.

"துளசி, மொதல்ல நீ மூச்சை உடு"ன்னாரு.

அவரு ஊதிக் காமிக்கறாரு, நானும் ஊதறேன். அவரு ஊதறாரு, நானும் ஊதறேன். ரெண்டு பேரும் பலூன்காரனுக்கு வேலைக்குப் போன மாதிரி உக்காந்து ஊதிட்டு இருக்கறோம். எந்நேரம் அப்படி உக்காந்திருந்தோம்னு தெரியலை. அவரு நெஞ்சு சத்தம் மெதுவா அடங்குச்சு. நடுவுல ஒரு வார்த்தை, ஒரு மூச்சு, ஒரு வார்த்தைன்னு எனக்குச் சொன்னாரு, இந்த மருந்துல அடங்கலைன்னா 108-க்கு அடிக்கோணும், என்ன நோவு, என்ன மருந்து எடுத்திருக்குதுன்னு அவங்ககிட்டச் சொல்லோணும், பயந்துட்டு நிக்கக் கூடாதுன்னு. அடிக்க வேண்டி வரலை. அடுத்த நாளு காலைல டாக்டருகிட்டக் காமிச்சுட்டு வந்தோம். அவரு சீக்கிரமே சமாளிச்சுட்டதால ஒண்ணும் பாதகமில்லைன்னாரு டாக்டரு.

இப்ப நீங்களே சொல்லுங்க கண்ணு. அன்னைக்கு நான் மட்டும் அவரு பக்கத்துல இல்லாமப் போயிருந்தா அவரு கதி என்னாயிருக்கும்? நெனைச்சாலே ஈரக்கொலை நடுங்குது. ஆனா அந்த நன்றியெல்லாம் அவருகிட்ட எதிர்பாக்க முடியாது. டாக்டரைப் பாத்துட்டு வந்த அன்னைக்கே பொழுதோட மறுபடியும் நடக்கப் போயிட்டாரு. தனியா.

எந்த ஊரு தாண்டுச்சுங்க? ஈச்சனாரியா? அப்பச் சித்த நேரந்தான் இருக்குது.

நேத்து அந்த ஜெபசீலி போன் போட்டா. என்னைத்தான் கேட்டா, அவரை இல்லை. அன்னூர்ப் பக்கம் இருந்து ஒருத்தரைப் புதுசாச் சேத்திருக்கறாங்களாமா. இதே நோவு. அவரு சம்சாரம் கூடவே இருக்கறாளாமா. அந்தப் பொம்பளையை வெச்சுட்டு ஒண்ணும் பண்ண முடியலை அம்மா, நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க, நீங்க வந்து பேசுனாக் கேப்பாங்கன்னா. என்ன பண்றா அவன்னு கேட்டேன். அவ சொன்னதைக் கேட்டு எனக்கு அதிசயமாப் போச்சு.

புருசனை எந்திரிக்கவே உட மாட்டேங்கறாளாமா. சோத்தை ஊட்டி உடறாளாமா. நடக்கச் சொன்னாக் குறுக்கால வந்து நின்னுக்கறாளாமா. டாக்டரு அவருகிட்ட ஒண்ணு கேட்டா இவ பதில் சொல்றாளாமா. தெனமும் இழுக்கற மருந்தை முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டு, அவ நெனைச்சாத்தான் குடுக்கறாளாமா. வளந்த ஆம்பளையை இப்படியா வெச்சிருப்பாங்க? அந்த மனுசன் மனசு என்ன பாடு படும்? கூண்டுல போட்ட மாதிரி இல்லைங்களா? இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளான்னு நேத்துப் பூராவும் எனக்கு அதே ரோசனை. இவருகிட்டயும் சொன்னேன். அவரு சட்டுனு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. சிரிச்ச மாதிரி இருந்துச்சு, எனக்குச் சரியாத் தெரியலை.

போயி அந்தப் பொம்பளையை நறுக்குனு நாலு கேள்வி கேக்கோணும்னுதான் காலைல கெளம்புனேன். பஸ்ஸுல ஏறி உக்காந்ததுல இருந்து வேற நெனப்பு வருது.

அந்த அன்னூர்க்காரரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டு, இவளை வெளிய பெஞ்சுல உக்கார வெப்பாங்க பாருங்க. கதவைச் சாத்திருவாங்க. உள்ள இருந்து இருமுற சத்தம் வரும். அது அவளோட ஆளுதான்னு அவளுக்குத் தெரியும். எந்திரிக்கத் தோணும், எந்திரிக்கவும் கூடாது. அந்தப் பெஞ்சு இருக்குதே, அதுல தனியா உக்காரறது நெம்பக் கஷ்டமுங்க. எனக்கு அப்ப பக்கத்துல ஆரும் இல்லை. அதனால போயி அந்த நாலு கேள்வியைக் கேக்கப் போறதில்லை. பக்கத்துல உக்காந்துக்கறேன். எந்த ஊரு, எத்தனை புள்ளைங்கன்னு கேப்பேன். அவ எந்திரிச்சா கையைப் புடிச்சு உக்கார வெச்சுக்கறேன். அவளோட ஆளு உள்ள நடக்கட்டும், மெதுவா.

போன் அடிக்குதுங்களா? என்றதுதான். அவருதானுங்க. பஸ் ஏறுனதும் ஒருக்கா அடிச்சாரு, எடம் கெடைச்சுதான்னு. கிணத்துக்கடவு தாண்டறதுக்குள்ள இன்னொருக்கா. இப்ப எறங்கற எடம் வந்துருச்சான்னு கேப்பாரு. நான் கோயமுத்தூரு பாக்காதவளா? ஒரு பொம்பளை தனியாக் கெளம்பி வந்தா இப்படியா பதறுவாங்க கண்ணு? எல்லாம் அவருக்கு அந்தப் புள்ளை குடுத்த எடம்.

சித்த காலை மடக்கிக்கங்க, நான் வெளிய வந்துக்கறேன். சுந்தராபுரம் வந்துருச்சு. மொதல்ல இவருக்குப் பதிலு சொல்லோணும், இல்லைன்னா அடுத்த பஸ்ஸைப் புடிச்சு ஏறி வந்து நின்னாலும் நிப்பாரு. இப்பத்தான் அவருக்கு நடக்கத் தெரியுமே.